சோடா விளம்பரத்தில் சோடா எங்கே?

சொகுசுக் கப்பல், நட்சத்திர நடிகர், ஆட்டம்பாட்டம். கடைசியில் பொடி எழுத்தில் ‘மியூசிக் சிடி’. நம் நாட்டு டிவியில் மது, புகையிலை விளம்பரத்துக்குத் தடை. அதனால் மது பிராண்டின் பெயர் மட்டும் சோடா, மியூசிக் சிடி என்று வேறு பொருளின் முதுகில் ஏறி வருகிறது. இதுதான் மறைமுக விளம்பரம்.

அதைக் கண்டுபிடிக்க, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். விற்கும் பொருள் எத்தனை விநாடி தெரிகிறது? ஒலியோடு மறுபடி பாருங்கள்: விலையோ ருசியோ பேச்சில் வருகிறதா? பிறகு கடைசி ஃபிரேமை நிறுத்தி லோகோ, நிறம், எழுத்து வடிவத்தை மதுபாட்டில் லேபிளோடு ஒப்பிடுங்கள். முக்கியமான சோதனை இதுதான்: பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் குற்றமில்லை, தடைசெய்த பொருளை நினைவூட்டும் லோகோவும் நிறமும் வந்தால் மறைமுக விளம்பரம் என்கின்றன 2022 ஜூன் மாத மத்திய வழிகாட்டுதல்கள்.

கடையில் அந்த சோடா கிடைத்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பேருக்கு நாலு பாட்டில் அடுக்கிவைப்பது பெரிய செலவா என்ன?