ஓர் அமைப்பில் எத்தனை நிலைமைகள் உள்ளன என்று எண்ணும் முறை

'நிலைமை' என்பதைத் திண்மம், நீர்மம், வாயு என்னும் மூன்று 'நிலை'களோடு ஒன்றாகக் கருதிவிட்டால், அதன்பின் வரும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். இயைபிலும் அடர்த்தி, படிக அமைப்பு போன்ற பண்புகளிலும் எங்கும் சீராக இருந்து, அமைப்பின் மற்றப் பகுதிகளிலிருந்து ஓர் எல்லைப்பரப்பால் பிரிந்து நிற்கும் பகுதியே நிலைமை எனப்படும். ஆங்கிலத்தில் நிலைமையைக் குறிக்கும் 'phase' என்னும் சொல்லால்தான் அலையின் 'கட்டத்தையும்' குறிக்கிறார்கள். தமிழில் இரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் வாய்த்திருப்பது கற்பவருக்குப் பெரிய உதவி.

எண்ணும்போது வாயுவை முதலில் முடித்துவிடுங்கள். சாதாரண அழுத்தங்களில் வாயுக்கள் எந்த விகிதத்திலும் கலந்துவிடுவதால், எத்தனை வாயுக்கள் இருந்தாலும் அவை ஒரே நிலைமைதான்.

அடுத்து நீர்மங்கள் ஒன்றில் ஒன்று கரைகின்றனவா என்று பாருங்கள். நீரும் எத்தனாலும் முழுமையாகக் கலந்து ஒரு நிலைமையாகின்றன. நீரும் எண்ணெயும் நீர்மங்களே ஆயினும் இரண்டு நிலைமைகள். அவற்றை நன்றாகக் குலுக்கினால் வெண்ணிறமான ஒரே நீர்மம்போலத் தோன்றும். ஆனால் நுண்ணோக்கியில் எண்ணெய்த் துளிகள் தெளிவாகத் தெரியும். ஆகவே கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். துளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவை அனைத்தும் சேர்ந்து ஒரு நிலைமையே, ஏனெனில் நாம் எண்ணுவது துண்டுகளை அல்ல, வகைகளை.

திண்மங்களில்தான் மிகுந்த கவனம் தேவை. வைரமும் கிராபைட்டும் கார்பனே, இரண்டும் திண்மமே; எனினும் அணுக்களின் அடுக்கமைவு வேறாக இருப்பதால் அவை இரண்டு நிலைமைகள். தூய இரும்பு ஏறத்தாழ 912 டிகிரி செல்சியசில், உருகாமலேயே, ஒரு படிக அமைப்பிலிருந்து மற்றொன்றிற்கு மாறுகிறது. நிலை மாறவில்லை, நிலைமை மாறிவிட்டது. மாறாக, செம்பும் நிக்கலும் திண்மக் கரைசலாகும்போது, உலோகங்கள் இரண்டாயினும் நிலைமை ஒன்றே.

எண்ணியது சரிதானா என்று பார்க்க, ஜோசையா வில்லார்டு கிப்ஸ் 1870-களில் தந்த நிலைமை விதி உள்ளது. எல்லா நிலைமைகளின் இயைபையும் குறிக்கத் தேவையான மிகக் குறைந்த பொருள்களே 'கூறுகள்'. சமநிலையில் உள்ள அமைப்பில், கூறுகளின் எண்ணிக்கையிலிருந்து நிலைமைகளின் எண்ணிக்கையைக் கழித்து 2-ஐக் கூட்டினால், வெப்பநிலை, அழுத்தம் போன்ற, நாம் விருப்பப்படி மாற்றக்கூடிய மாறிகளின் எண்ணிக்கை கிடைக்கும். பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்திருந்தால் கூறு ஒன்று, நிலைமைகள் மூன்று; விடை சுழியம். அதனால்தான் அந்த மும்மைப் புள்ளி 0.01 டிகிரி செல்சியசிலும் ஏறத்தாழ 611.7 பாஸ்கலிலும் மட்டுமே அமைகிறது.

மூடிய கலனில் சூடாக்கப்படும் கால்சியம் கார்பனேட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள். கார்பனேட்டும் கால்சியம் ஆக்சைடும் கலவாத இரு திண்மங்கள். கார்பன் டைஆக்சைடு வாயு. ஆக நிலைமைகள் மூன்று. ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்ததே கார்பனேட் என்பதால் கூறுகள் இரண்டு, மாற்றக்கூடிய மாறி ஒன்று. வெப்பநிலையை நாம் குறித்துவிட்டால், திண்மங்களின் அளவு எதுவாயினும், வாயுவின் அழுத்தம் தானாகவே உறுதியாகிவிடும். அது உறுதியாக நிற்கவில்லையெனில், சமநிலை இன்னும் எட்டப்படவில்லை, அல்லது திண்மங்களில் ஒன்று தீர்ந்துவிட்டது; நிலைமைகளை மீண்டும் எண்ணுங்கள்.