மின்கலம் தீர்ந்த பிறகும் 1.10 வோல்ட்: மின்வேதியியலில் வழுக்கும் இடங்கள்

ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் தாமிரத் தகடு, ஒவ்வொன்றும் தன் உலோக அயனிகள் உள்ள கரைசலில், இடையில் இரண்டையும் இணைக்கும் உப்புப்பாலம். 1836-இல் டேனியல் உருவாக்கிய மின்கலத்தின் பாடநூல் வடிவம் இது. இரண்டு கரைசல்களும் 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்), வெப்பநிலை 25 டிகிரி என்றால் 1.10 வோல்ட் கிடைக்கும். இந்த மின்கலம் ஓடி ஓடித் தீர்ந்து சமநிலைக்கு வந்துவிட்டது. இப்போது அதன் திட்ட மின்னழுத்தம் எவ்வளவு?

பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள், "சுழியம்" என்று உடனே பதில் வரும். தவறு. இப்போதும் 1.10 வோல்ட்தான்.

சுழியமாவது மின்கல மின்னழுத்தம். அதற்கும் திட்ட மின்னழுத்தத்துக்கும் எழுதும்போது உள்ள வேறுபாடு, E என்ற குறியீட்டின் தலைமாட்டில் போடும் ஒரு சின்ன வட்டம்தான். அவசரத்தில் முதலில் காணாமல் போவதும் அதுதான். வட்டம் போட்டது, 'எல்லாக் கரைசலும் 1 மோலாராக இருந்தால்' என்ற நிலைக்கான மதிப்பு. வெப்பநிலை மாறாதவரை, மின்கலம் ஓடினாலும் நின்றாலும் அது அப்படியே இருக்கும். வட்டம் இல்லாதது, இந்த நிமிடம் வோல்ட்மீட்டர் காட்டுவது. வினையிலிருந்து வேலையாக எடுக்கக்கூடிய ஆற்றலான கட்டிலா ஆற்றலின் மாற்றத்துக்கும் இதே கதைதான்: சமநிலையில் சுழியமாவது வட்டம் இல்லாதது மட்டுமே.

சந்தேகம் இருந்தால் தலைகீழாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் தாமிரம், ஒரு கரைசல் மற்றதைவிடப் பத்து மடங்கு அடர்த்தி. திட்ட மின்னழுத்தம் சுழியம், ஆனாலும் வோல்ட்மீட்டர் ஏறக்குறைய 0.03 வோல்ட் காட்டும்.

சரி, வட்டம் போட்ட 1.10 எதற்குத்தான் பயன்படுகிறது? சமநிலை எங்கே இருக்கிறது என்று சொல்ல. டேனியல் மின்கலத்தின் சமநிலை மாறிலி ஏறக்குறைய 10-இன் 37-ஆம் அடுக்கு. அதாவது துத்தநாக அயனிகள் தாமிர அயனிகளைவிட அத்தனை மடங்கு பெருகினால்தான் வினை நிற்கும். ஆனால் மின்னழுத்தம் மடக்கையின் வழியாகத்தான் குறைகிறது. தாமிர அயனிகளில் 99 சதவீதம் தீர்ந்த நிலையிலும் அயனிச் செறிவிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு 1.03 வோல்ட் தருகிறது. பாதி தீர்ந்தால் மின்னழுத்தமும் பாதியாகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அப்புறம், அந்தச் சமன்பாட்டில் வரும் 0.0592 என்பது 25 டிகிரிக்கும் 10 அடிமான மடக்கைக்கும் மட்டுமே உரியது. தகடுகள் திண்மங்கள் என்பதால் அவை கணக்கிலேயே வராது.

அடுத்த பெரிய வழுக்கல், பெருக்குவது. எலக்ட்ரான்களைச் சமன்செய்ய அரைவினையை (ஒரு தகட்டில் மட்டும் நடக்கும் வினையை) 2-ஆல் பெருக்குகிறோம், கூடவே அதன் வோல்ட்டையும் பெருக்கிவிடுகிறோம். வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு எத்தனை ஜூல் என்ற விகிதம். இரண்டு லிட்டர் பால் வாங்கினால் லிட்டர் விலை இரட்டிப்பாகுமா? பெருகுவது மொத்தத் தொகை. இங்கே அந்தத் தொகைதான் கட்டிலா ஆற்றல்.

இரும்பில் இது நன்றாகவே மாட்டிவிடும். இரும்பு(III) அயனி இரும்பு(II) அயனியாக மாறுவதற்கு 0.77 வோல்ட், இரும்பு(II) உலோகமாவதற்கு -0.44 வோல்ட். இரும்பு(III) நேராக உலோகமானால்? கூட்டினால் 0.33 வருகிறது, குறியே தப்பு. ஒவ்வொன்றையும் அதன் எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 0.77 ஒரு முறை, -0.44 இரண்டு முறை, கூட்டல் -0.11. அதை மூன்றால் வகுத்தால் -0.04 வோல்ட் அளவில் வரும்.

ஜூலையும் கிலோஜூலையும் குழப்புவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டேனியல் வினையின் எலக்ட்ரான் எண்ணிக்கை 2-ஐ, ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டமான 96,485-ஆலும் 1.10-ஆலும் பெருக்கினால் வரும் கட்டிலா ஆற்றல் ஜூலில் இருக்கும், கிலோஜூலில் 212. ஆனால் இதை வினைவெப்பம் என்று நினைக்கக் கூடாது. டேனியல் வினையின் வெப்பம் ஏறக்குறைய 219 கிலோஜூல். அதில் மின் வேலையாக அதிகபட்சம் எடுக்கக்கூடியதுதான் 212. வேறு சில மின்கலங்களில் இந்த இரண்டும் இன்னும் வெகுவாக விலகும்.

ஆனோடை 'நேர்மின்முனை' என்று தமிழில் பெயரிட்டது மாணவர்களுக்குச் செய்த உபகாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. மின்னாற்பகுப்பில் பெயர் பொருந்துகிறது. டேனியல் மின்கலம் போன்ற கால்வானிக் மின்கலத்திலோ நேர்மின்முனைக்கு எதிர்க்குறி! ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானை இழப்பது) நடக்கும் இடம் ஆனோடு என்று மட்டும் மனத்தில் வையுங்கள், குறி மாறினாலும் அது மாறாது.

கடைசியாக, ஆற்றல் கணக்கு 'வினை நடக்கலாம்' என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு வேகமாக என்று சொல்லாது. அலுமினியத்தின் திட்ட மின்னழுத்தம் -1.66 வோல்ட், துத்தநாகத்தைவிடவும் கீழே, அதாவது அதைவிட எளிதில் வினைபுரிய வேண்டும். திட்ட மின்னழுத்த அட்டவணையை மட்டும் நம்பினால் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீரே கொதிக்க வைக்க முடியாது. மேலே படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது. அந்தப் படலத்தைப் புளி மெல்ல அரித்துவிடும். அதனால்தான் புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் மறுநாள்வரை வைக்காதே என்கிறார்கள்.