ஒரே தாளில் ஒரு கடல்: கரித்துண்டால் பத்து விநாடி அனிமேஷன்

முதலிலேயே கடலை வரைய உட்காராதீர்கள், காலண்டர் படமாகிவிடும். கடலோர வீட்டிலிருந்து தொடங்குங்கள். உப்புக்காற்றில் துருவேறிய தாழ்ப்பாள், ஈரத்தில் உப்பிப்போய் மூடாத கதவு, வாசல்படியில் உதிர்ந்த மணல்... எது முதலில் நினைவுக்கு வருகிறதோ, அது.

தேவை: கெட்டியான தாள் ஒன்று, கரித்துண்டு, பிசையக்கூடிய ரப்பர், போன், ஆடாத ஸ்டாண்ட். வரைவது, போட்டோ எடுப்பது, கொஞ்சம் அழிப்பது, மறுபடி வரைவது. அவ்வளவுதான் முறை.

படி 1: தாளின் நான்கு மூலையையும் டேப்பால் ஒட்டி, அதற்கு நேர் மேலே போனைப் பொருத்துங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) மாறாதபடி லாக் செய்யுங்கள். ஜன்னலை மூடி, ஒரே விளக்கில் வேலை பாருங்கள். முதல் முயற்சியில் பகல் வெளிச்சத்தை நம்பினேன். மேகம் வந்து போனதெல்லாம் படத்தில் மினுக் மினுக்கென்று தெரிந்தது.

படி 2: சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். பத்து விநாடிக்கு 120 போட்டோ.

படி 3: உதாரணத்துக்குக் கதவையே எடுத்துக்கொள்வோம். முதலில் அதை வரையுங்கள். பிறகு நிலைப்படியின் கோட்டை ஒவ்வொரு போட்டோவுக்கும் துளித்துளியாக மேலே நகர்த்தி, இரு பக்கமும் நீட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் அது தொடுவானமாகிவிடும். வீட்டிலிருந்து கடலுக்கு வர கட் எதுவும் தேவையில்லை.

படி 4: அலை. இங்கேதான் பொறுமை வேண்டும். கரையேறும் அலை வேகமாக வந்து, தயங்கி, ஒரு கணம் நின்று, பிறகு மெல்லத் தொடங்கி வேகமெடுத்துத் திரும்பும். அதனால் நுரைக்கோட்டை முதலில் அகல அகலமாக நகர்த்துங்கள். உச்சியை நெருங்க நெருங்க இடைவெளியைக் குறையுங்கள். உச்சியில் அதே படத்தை நான்கு முறை எடுங்கள். திரும்பும்போது இடைவெளி மறுபடி கூடட்டும். எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் அலை தெரியாது, இழுக்கிற திரைச்சீலைதான் தெரியும்.

அழிக்கும்போது முழுக்க அழிக்காதீர்கள். கரி எப்படியும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தங்கும். அலை போன பிறகு மணலில் நிற்கும் ஈரம் போல, கதவு இருந்த இடமும் அலைக்கடியில் மங்கலாகத் தெரியும். இந்தக் கறைக்காகத்தான் கரித்துண்டைச் சொல்கிறேன்.

படி 5: ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலியில் போட்டோக்களைச் சேர்த்து, வேகத்தை விநாடிக்கு 12 படம் என்று வையுங்கள். ஒலிக்கு அலைச் சத்தத்தைத் தேடி ஓட வேண்டாம். தாழ்ப்பாள் கிறீச்சிடுவதைப் பதிவு செய்து அலையின் மேல் வைத்துப் பாருங்கள்.

தாளை மட்டும் துடைத்துவிடாதீர்கள். கடைசிப் படம்தான் அதில் மிஞ்சியிருக்கும். மற்றதெல்லாம் இனி போட்டோவில் மட்டும்தான்.