எளிய ஆங்கில வாக்கியத்தில் சொல் வரிசையும் ஆர்ட்டிகிளும்

‘பூனை எலியைப் பிடித்தது’ என்றாலும் ‘எலியைப் பூனை பிடித்தது’ என்றாலும் தமிழில் பொருள் மாறுவதில்லை. பிடிபட்டது எது என்பதை ஐ உருபு சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு அப்படி ஓர் உருபு இல்லை. சொல் நிற்கும் இடம்தான் அந்த வேலையைச் செய்கிறது. ‘தி கேட் காட் தி ரேட்’ என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் எலியே பூனையைப் பிடித்ததாகிவிடும்.

‘நான் நேற்று பஸ் ஸ்டாண்டில் ரவியைப் பார்த்தேன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாயை முதலில் நிறுத்திவிட்டு, மற்றவற்றைக் கடைசியிலிருந்து முன்னோக்கி எடுத்தால் ஆங்கில வரிசை கிடைத்துவிடும்: ‘ஐ சா ரவி அட் தி பஸ் ஸ்டாண்ட் யெஸ்டர்டே.’ தமிழில் ‘பார்த்தேன்’ என்பதன் விகுதியே ஆளைக் காட்டுவதால் ‘நான்’ என்பதை விட்டுவிடலாம், ஆங்கிலத்தில் விடக்கூடாது. கேள்வியில் மட்டும் துணைவினை எழுவாய்க்கு முன்னே வரும். ஆகவே ‘வேர் யூ ஆர் கோயிங்’ என்பது தவறு, ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்பதே சரி. அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கும்போது பழைய வரிசை திரும்பிவிடும்: ‘ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்.’

‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். ஆங்கிலத்தில் அதற்கு வினையும் வேண்டும், எ, ஆன், தி என்ற ஆர்ட்டிகிள்களில் ஒன்றும் வேண்டும்: ‘ஹீ இஸ் எ டாக்டர்.’

எ வருமா, தி வருமா என்ற குழப்பத்துக்கு நம் மொழிக்குள்ளேயே நல்ல வழிகாட்டி இருக்கிறது. ‘அவள் புத்தகம் வாங்கினாள்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினாள்’ என்றால் பேசுபவரும் கேட்பவரும் அறிந்த புத்தகம். முன்னது ‘ஷீ பாட் எ புக்’, பின்னது ‘ஷீ பாட் தி புக்’. ஆட்களைக் குறிக்கும்போது ஐ எப்படியும் வந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையைப் பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் ‘அந்த’ என்று சேர்த்துப் பாருங்கள். இயல்பாகப் பொருந்தினால் பெரும்பாலும் தி வரும்.

எ, ஆன் இரண்டும் எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைத்தான் பார்க்கின்றன. ‘ஒரு வீடு, ஓர் ஊர்’ என்று நாம் எழுதும் முறையும் இதுவே. சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்து, உயிரெழுத்தில் தொடங்கினால் ஆன் போடலாம்: ஆன் அவர் (மணி நேரம்), ஆன் எம்எல்ஏ, ஆனால் எ யுனிவர்சிட்டி. ஒன், உமன், இயர் (ஆண்டு) போன்றவற்றைத் தமிழில் உயிரெழுத்தில் எழுதினாலும், ஆங்கிலத்தில் அவை வகர, யகர ஒலியிலேயே தொடங்குவதால் எ தான் வரும்.

அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. ‘ஒரு அட்வைஸ் சொல்கிறேன்’ என்று நாம் பேசும் பழக்கத்தில் ‘ஆன் அட்வைஸ்’ என்று எழுதிவிடக் கூடாது. ‘சம் அட்வைஸ்’ என்க. ஆள் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் பொதுவாக ஆர்ட்டிகிள் தேவையில்லை, ஆற்றின் பெயருக்குத் தேவை: மதுரை வெறும் மதுரைதான், வைகையோ ‘தி வைகை’.