அரை மணி நேரம், ஆறு சீட்டு: வீட்டுக்குள் ஒரு புகைப்படப் பயிற்சி

இராமநாதபுரம் கடற்கரையில் வசிக்கும் எங்களுக்குப் படம் எடுப்பது என்றாலே பாம்பன் பாலத்துக்கோ தனுஷ்கோடி முனைக்கோ வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்றாகிவிட்டது. அங்கே எடுத்த படங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. நான் பரிந்துரைக்கும் பயிற்சிக்கு வாசல்படியைத் தாண்ட வேண்டியதில்லை. கைப்பேசி, ஒரு கடிகாரம், துண்டுக் காகிதத்தில் எழுதிய சில சொற்கள் ஆகியவை போதும். புகைப்படக் கலையே வீட்டு ஜன்னலில் பிறந்ததுதான். பிரான்சில் நீப்ஸ் 1826 அல்லது 1827-இல் பதிவு செய்த, இன்றும் அழியாமல் இருக்கும் மிகப் பழைய கேமராப் படம் அவர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளைத்தான் காட்டுகிறது. 1835-இல் இங்கிலாந்தில் டால்பட் சின்னஞ்சிறு காகிதத்தில் பதிவு செய்ததும் தம் வீட்டின் ஜன்னலைத்தான்.

முறை இதுதான். பன்னிரண்டு துண்டுக் காகிதங்களில் ஒவ்வொரு சொல்லாக எழுதி மடித்து, ஒரு கொட்டானிலோ டப்பாவிலோ போட்டுக் குலுக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சியைத் தொடங்கும்போது ஆறு சீட்டுகளை மட்டும், ஒவ்வொன்றாக, எடுக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஐந்து நிமிடம், அந்த ஐந்து நிமிடத்துக்குள் அதிகபட்சம் மூன்று படங்கள். அடுத்த சீட்டைப் பிரித்த பிறகு முந்தைய சொல்லுக்குத் திரும்பக் கூடாது. எடுத்த எதையும் பயிற்சி முடியும் வரை அழிக்கவும் கூடாது. இவற்றில் மூன்று படம் என்ற வரம்பைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதன்முறை நான் நேரத்துக்கு மட்டும் வரம்பு வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நூற்று நாற்பது படங்கள் சேர்ந்தன. அன்றிரவு அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒன்றையும் தேர்ந்தெடுக்க மனம் வராமல் தூங்கிப்போனேன். எண்ணிக்கைக்கும் வரம்பு வந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவதற்கு முன் பார்க்கும் பழக்கம் வந்தது.

அரை மணி நேரம் என்பது நான் வசதிக்காக வைத்த கணக்கன்று. அதை எங்கள் ஊர்ச் சூரியன் வைத்திருக்கிறது. இந்தக் கடற்கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருப்பதால், சூரியன் இங்கே சாய்ந்து ஏறாமல் ஏணியில் ஏறுவதுபோல் செங்குத்தாக ஏறுகிறது. உதித்த 40 முதல் 45 நிமிடங்களுக்குள் 10 பாகை உயரத்துக்குப் போய்விடுகிறது. தாழ்ந்த, மஞ்சள் கலந்த, நீண்ட நிழல் தரும் ஒளி அதற்குள் தீர்ந்துவிடும். ஐரோப்பியர் எழுதிய கையேடுகளில் பொன்னான நேரம் ஒரு மணிக்கும் மேலாக நீள்வதாகப் படித்துவிட்டு, காபி குடித்து முடித்து நிதானமாக வருபவருக்கு இங்கே மிஞ்சுவது வெள்ளை வெயில்தான். ஆகவே சூரியன் தோன்றிப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்க வேண்டும். மாலையில் என்றால் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக. சீட்டு எழுதுவது, கேமராக் கண்ணாடியைத் துடைப்பது, மின்னேற்றம் பார்ப்பது போன்ற வேலைகளை முந்தின இரவே முடித்துவிட வேண்டும்.

அதே கையேடுகள், வடக்கு ஜன்னலில் நேரடி வெயில் படாது, அங்கே எப்போதும் மென்மையான ஒளி கிடைக்கும் என்றும் சொல்லும். எங்கள் ஊரில் அது பாதி ஆண்டுக்குத்தான் உண்மை. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆனி மாதத்தில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். மார்கழியில் அந்த வேலையைத் தெற்கு ஜன்னல் எடுத்துக்கொள்கிறது. எனவே பயிற்சிக்கு முந்தைய நாள், எந்த அறையில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எங்கே சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி மட்டும் இருக்கிறது என்று ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு எதிரே உள்ள நிழலிடம் முகங்களுக்கும் பாத்திரங்களுக்கும் மிகவும் ஏற்றது. அந்தச் சுவர்தான் உங்களுடைய இலவச ஒளித்திரை.

இனி, சீட்டில் என்ன எழுதுவது? பொருளின் பெயரை எழுதக் கூடாது. ‘நாற்காலி’ என்று எழுதினால் நாற்காலியை நடுவில் வைத்து எடுத்துவிட்டு நான்கு நிமிடம் சும்மா நிற்பீர்கள். ‘ஈரம்’, ‘பாதி’, ‘வட்டம்’, ‘உப்பு’, ‘நிழல் மட்டும்’, ‘சத்தம்’, ‘ஆள் இல்லாத இடம்’, ‘பழையதும் புதியதும்’ என்று ஒரு குணத்தையோ ஒரு நிலையையோ எழுதினால், கண் அறை முழுவதும் தேட ஆரம்பிக்கும். ஓரிரண்டு சீட்டுகளை வீட்டில் வேறொருவர் எழுதட்டும். என் அம்மா எழுதிப் போட்ட ‘பொறுமை’ என்ற சீட்டு என்னை ஐந்து நிமிடமும் அலைய விட்டது. கடைசியில் கொல்லையில் மீன் நறுக்கும் அரிவாள்மனைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த பூனையை எடுத்தேன்.

‘வட்டம்’ என்ற சீட்டு வந்தால் முண்டு மிளகாயைப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இராமநாதபுரம் மிளகாய் உருண்டையானது, தோல் பளபளப்பானது. பளபளப்பான பொருளில் நாம் படம் எடுப்பது பொருளை மட்டுமன்று, அதில் தெரியும் ஜன்னலையும் சேர்த்துத்தான். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, மிளகாயைச் சற்றுச் சற்றாகத் திருப்பினால் அந்த வெள்ளைப் புள்ளி நீண்டு ஒரு கோடாக மாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்த வேண்டும். 1930-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் வளைந்த உட்புறம் ஒளியை எல்லாப் பக்கத்திலிருந்தும் திருப்பி அனுப்பியது. நம் அடுப்படியில் மண்ணெண்ணெய் ஊற்றிய பழைய புனல் இல்லாவிட்டாலும், சாய்த்து வைத்த எவர்சில்வர் சட்டி அதே வேலையைச் செய்யும்.

‘சத்தம்’ வந்தால் குக்கரின் விசில் நினைவுக்கு வரும். ஆனால் ஆவியை வெளிச்சமான சுவருக்கு முன்னால் எடுத்தால் ஒன்றும் தெரியாது. பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒளி வர வேண்டும், பின்புலம் இருட்டாக இருக்க வேண்டும். கைப்பேசியை ஆவிக்கு ஓர் அடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள். ‘ஈரம்’ என்றால் குழாயிலிருந்து சொட்டும் நீரை உறைய வைக்கலாம். அதற்கு, ஒளி உள்ளே விழும் நேரத்தைக் குறிக்கும் ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடிக்கு உயர்த்த வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும். மின்விசிறி சுழல்வதைச் சுழல்வதாகவே காட்ட 1/15 போன்ற மெதுவான வேகம் தேவை. அப்போது கைப்பேசியைக் கையில் பிடிக்காமல், கவிழ்த்த குடத்தின் மேலோ ஆட்டுக்கல்லின் மேலோ சாய்த்து வைத்து, மூன்று விநாடி தாமதத்தில் எடுக்க வேண்டும். சருவத்து நீரில் தெரியும் தென்னங்கீற்றை எடுப்பவர்கள், திரையில் நீரின் விளிம்பைத் தொடாமல் கீற்றின் பிம்பத்தைத் தொட்டுக் குவிக்க வேண்டும். பிம்பத்தின் தூரம் என்பது, நம்மிடமிருந்து நீர் வரையும் நீரிலிருந்து கீற்று வரையும் உள்ள மொத்தத் தூரம்.

பனையோலைப் பெட்டி, சுளகு, பாய், திண்ணையில் குவித்த தங்கூசி வலை போன்றவற்றுக்கு நேரெதிர் ஒளி எதிரி. முடைந்த இழையின் மேடுபள்ளம் தெரிய, ஒளி அவற்றின் மேல் தவழ்ந்து போக வேண்டும். ஓலைக் கூரையோ கீற்றுப் பந்தலோ உள்ள வீடு என்றால், தரையில் விழும் ஒளிப் பொட்டுகளைக் கவனியுங்கள். ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும் பொட்டு வட்டமாகவே இருக்கும், ஏனெனில் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். கூரையே நூறு கேமராவாக நிற்கிறது.

கடற்கரை வீட்டில் கேமராவுக்கு முதல் பகை உப்புக் காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்து வீடுகளில் ஒரே நாளில் கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்துவிடும். படம் முழுக்கப் புகைபோல் வெளுத்துத் தெரிவதற்கு அதுவே காரணம். காய்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். அடுத்தது, கைப்பேசி தானாகவே இருட்டை வெளிச்சமாக்கிவிடும் தொல்லை. வாசல்படியில் நிற்பவரை நிழலுருவாக எடுக்க விரும்பினால், வெளியே உள்ள வெளிச்சத்தைத் திரையில் சற்று நேரம் அழுத்திப் பிடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை மட்டுமன்று, நேர மிச்சமும்கூட. “கழுவாத சருவத்தப் போய் படம் எடுக்கிறியே, நல்லாவா இருக்கு?” என்று அம்மா கேட்டு, அதைப் பறித்துக் கழுவப் போனதில் ஒரு சீட்டுக்கு உரிய மூன்று நிமிடம் எனக்குப் போயிற்று. குழந்தைகளும் சேர்ந்துகொண்டால் கிணற்றுச் சுவர், மாடிக் கைப்பிடி, அடுப்பு மூன்றும் எல்லைக்கு வெளியே என்று விதி வகுத்துவிடுங்கள்.

எடுத்த பதினெட்டுப் படங்களையும் அன்றைக்கே பார்க்க வேண்டாம். மறுநாள் சீட்டுக்கு ஒன்றாக ஆறு மட்டும் தேர்ந்தெடுத்து, சொல்லைக் காட்டாமல் வேறொருவரிடம் கொடுத்து, என்ன சொல்லாக இருக்கும் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் மகிழலாம்; தவறாகச் சொல்லி, அது உங்கள் சொல்லைவிடப் பொருத்தமாக இருந்தால் இன்னும் மகிழலாம். படத்தின் விவரங்களில் எடுத்த நேரம் விநாடி வரை பதிவாகியிருக்கும். எந்தச் சீட்டில் முதல் படத்துக்கே நான்கு நிமிடம் ஆனது என்பதை அதிலிருந்து அறியலாம். என் அனுபவத்தில் தாமதமாக எடுத்த படங்களே பெரும்பாலும் தேறியிருக்கின்றன.

நண்பகலிலும் இதைச் செய்து பார்க்க ஆண்டில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. சித்திரை பிறக்கும் நாள்களை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் எங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் 12.13 மணியளவில் முற்றத்தில் வைத்த டம்ளருக்கு நிழலே விழாது. அன்று எல்லாச் சீட்டிலும் ‘நிழல்’ என்றே எழுதிப்போட்டால் பயிற்சி கடினமாகும், சுவையாகவும் இருக்கும்.

வெளியூரில் இருக்கும் உறவினரோடு ஒரே சீட்டுகளைப் பகிர்ந்துகொள்வது எனக்குப் பிடித்த வடிவம். துபாயில் இருக்கும் அண்ணனுக்கும் எனக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால் ஒரே நேரத்தில் தொடங்காமல், அவரவர் ஊர்ச் சூரியனைப் பார்த்துத் தொடங்குகிறோம். சென்ற முறை ‘உப்பு’ வந்தது. நான் ஜன்னல் கம்பியில் பூத்திருந்த துருவை எடுத்தேன். அண்ணன் அனுப்பிய படத்தில், அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம், நாலு உறை போட்டுக் கட்டியபடி, குளிர்பெட்டியின் விளக்கொளியில் தனியாக இருந்தது.