பிள்ளைகளின் வீட்டுத் தமிழை வகுப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, திசைச்சொல் (பிற பகுதிகளிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொல்) பாடத்தை ஒட்டி இதைச் செய்யலாம். 40 நிமிடப் பாடவேளை இரண்டு வேண்டும்; நடுவில் ஒரு வாரம் விடுங்கள்.

முதல் நாள் துடைப்பம், லுங்கி, தும்பி, ஓணான் என எட்டுப் படங்களை ஒட்டுங்கள். பெயரை மட்டும் நீங்கள் சொல்லிவிடக் கூடாது. “துடைப்பத்தை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?” என்று கேட்டால் பலர் ‘துடைப்பம்’ என்றே எழுதி வருவார்கள், ஆசிரியர் வாயில் வந்ததுதான் சரியான விடை என்ற பயம். படத்தை வரைந்துபோய், 60 வயது கடந்த ஒருவரிடமும் பெற்றோர் வயதில் ஒருவரிடமும் காட்டி, காதில் விழுந்தபடியே ஒரு சீட்டில் எழுதி வரட்டும். விளக்குமாறு, வாரியல், சீமாறு எல்லாம் வரும். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசும் பிள்ளைகள் அந்தச் சொல்லையே கொண்டுவரட்டும்.

உறவுமுறைச் சொற்களைத் தொடாதீர்கள். அப்பாவை, அத்தையை அழைக்கும் விதத்தில் சாதி வெளிப்படக்கூடும். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. சீட்டில் சொல்லும் அதைச் சொன்னவரின் ஊரும் போதும், பெயர் வேண்டாம்.

இரண்டாம் நாள் சீட்டுகளை வரைபடத்தில் அந்தந்த ஊரில் ஒட்டச் செய்யுங்கள். அடுத்து வினைச்சொல்லுக்குப் போங்கள். உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது. நெல்லைப் பேச்சில் ‘சொல்லுதேன்’, ‘செய்யுதேன்’ என்பார்கள். ஆனால் ‘பாக்கேன்’, ‘நடக்கேன்’. ஏன் ‘பாக்குதேன்’ இல்லை? எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் எழுதிப் பிள்ளைகளையே தேடவிடுங்கள். சொல்லுகிறேன், செய்கிறேன் என்று ஒற்றைக் ‘க’ வரும் இடத்தில் ‘த’ வருகிறது. பார்க்கிறேன், நடக்கிறேன் என்று ‘க்க’ இரட்டிக்கும் இடத்தில் அது அப்படியே நிற்கிறது. தன் பாட்டியின் பேச்சுக்கும் இலக்கணம் இருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும்; நீங்கள் முந்திக்கொண்டு விளக்கினால் அந்த மகிழ்ச்சி போய்விடும். உங்கள் ஊர்ப் பேச்சிலும் இப்படி ஓர் ஒழுங்கைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது சிரித்தால் அதட்ட வேண்டாம். “உங்கள் வீட்டில் இதற்கு என்ன?” என்று சிரித்தவரிடமே கேளுங்கள். ‘கொச்சை’ என்ற சொல் மட்டும் உங்கள் வாயில் வரவே கூடாது.

தேர்வில் மதிப்பெண் போய்விடுமோ என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கவலைதான். கட்டுரை திருத்தும்போது ‘சொல்லுதேன்’ என்பதைச் சிவப்பு மையால் அடிக்காமல், ஓரத்தில் ‘பேச்சில்: சொல்லுதேன், எழுத்தில்: சொல்லுகிறேன்’ என்று இரண்டையும் குறியுங்கள். கதையில் வரும் உரையாடலுக்கு முதலாவதும், விண்ணப்பத்துக்கு இரண்டாவதும் பொருந்தும் என்று இரண்டையும் எழுதவைத்துப் பழக்குங்கள்.