குளிக்கும் வாத்தைப் படம் பிடிப்பது எப்படி?

பறவைப் படம் எடுக்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் பறக்கிற பறவையைத்தான் துரத்துவார்கள். நானும் அப்படித்தான். ஒரு வருடம் மெமரி கார்டு முழுக்கப் பறவைகளின் பின்புறம்தான் இருந்தது. குளிக்கிற பறவை அப்படி ஓட்டம் காட்டாது. சில நிமிடங்களாவது ஒரே இடத்தில் இருக்கும். அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதையும் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

உதாரணத்துக்குப் புள்ளிமூக்கு வாத்தை எடுத்துக்கொள்வோம். கறுத்த அலகு, அதன் நுனியில் மஞ்சள். நம்மூர் ஏரிகளில் ஆண்டு முழுவதும் இருக்கும். இதில் கை பழகிவிட்டால் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான்.

படி 1: இடம்

எடுத்த எடுப்பில் வேடந்தாங்கலுக்கு ஓடாதீர்கள். அங்கே பறவைகள் ஏரி நடுவில் உள்ள மரங்களில் இருக்கும். கரையில் நின்று 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் புள்ளிகள்தான் கிடைக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டம் உள்ள சாதாரண ஏரியே போதும். மாடு குளிப்பாட்டுகிற துறை இருந்தால் இன்னும் நல்லது. அங்கே தினமும் மனிதர்களைப் பார்த்துப் பழகிய வாத்துகள் உங்களையும் சீக்கிரம் பொறுத்துக்கொள்ளும்.

கரையோரம் சின்னச் சின்ன இறகுகள் ஒதுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், பறவைகள் குளித்துவிட்டு வந்து இறகு கோதும் இடம் அதுவாக இருக்கலாம். மறுநாள் அங்கேயே காத்திருக்கலாம். கூடு இருக்கிற பக்கம் மட்டும் வேண்டாம்.

படி 2: வெளிச்சமும் பின்னணியும்

விடிவதற்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இறகின் நிறம் நன்றாக வரும். ஆனால் எனக்குப் பிடித்தது எதிர்வெளிச்சம். எதிர்க்கரையில் கருவேல மர நிழல் தண்ணீரில் கறுப்பாக விழுந்திருக்கும். அந்தக் கறுப்புக்கு முன்னால் வாத்து இறக்கையை அடிக்கும்போது, தெறிக்கிற ஒவ்வொரு துளியும் விளக்கு போட்டதுபோல் தெரியும். வெளுத்த வானம் பிரதிபலிக்கிற தண்ணீரில் அதே துளிகள் கண்ணுக்கே தெரியாது.

படி 3: படுங்கள்

நின்றுகொண்டு எடுத்தால் வாத்தின் முதுகுதான் வரும். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. ட்ரைபாட் தேவையில்லை. பழைய ஜீன்ஸின் காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, ஒன்றரை கிலோ கொண்டைக்கடலையைக் கொட்டி மறுபக்கமும் தைத்துவிடுங்கள். லென்ஸை அதன்மேல் வைத்தால் ஆடாது. படுக்கும் முன் நெருஞ்சி முள், எறும்பு, பாம்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கேமரா

ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெளிச்சம் போதவில்லை என்றால் 1/1000 வரை இறங்கலாம். துளிகள் கொஞ்சம் கோடாக இழுபடும், பரவாயில்லை. அபெர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை, எஃப் 5.6 முதல் 8 வரை. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பு 3200 வைத்துவிடுங்கள். கொக்கு போன்ற வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை (அதாவது ஒளி பாதியாகும் வரை) குறையுங்கள், இல்லாவிட்டால் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள், பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கழுத்தும் உடலும் சேருகிற இடத்தில் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா வாத்தை விட்டுவிட்டு முன்னால் தெறிக்கிற தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

படி 5: குளியலைப் படியுங்கள்

முக்கியமான படி இதுதான். முதல் நாள் கேமராவைத் தொடாமல் வெறுமனே பார்த்தாலும் நஷ்டமில்லை.

வாத்து முதலில் தலையை மட்டும் முக்கும். தலையைத் தூக்கும்போது தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் வழிந்தோடும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் குளியல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து மார்பைத் தாழ்த்தி, இரண்டு இறக்கையாலும் தண்ணீரை அடிக்கும். சில சமயம் உற்சாகத்தில் தலைகுப்புறக் குட்டிக்கரணமும் போடும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஷட்டரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது நுரையும் ஒரு வாலும்தான்.

நல்ல படம் அதற்குப் பிறகு வருகிறது. அடிப்பது நின்று ஒரு சின்ன அமைதி. வால் இடவலமாக ஆடும். பிறகு வாத்து தண்ணீரில் நிமிர்ந்து எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, இறக்கைகளை விரித்து உதறும். இறக்கையில் ஒளிந்திருந்த பச்சைப் பட்டை அப்போதுதான் முழுதாகத் தெரியும். உதறல் சில நொடிகளில் முடிந்துவிடும். வால் ஆட ஆரம்பித்ததும் விரல் தயாராக இருக்க வேண்டும், உடல் எழும்பியதும் பர்ஸ்ட், அதாவது ஷட்டரை அழுத்திப் பிடித்து அடுத்தடுத்துப் படங்கள்.

இங்கே நான் பட்ட அடி ஒன்று. வாத்து ஃபிரேமை நிறைக்கும்படி ஜூம் செய்து ஒரு காலை முழுக்க எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் இறக்கை நுனி வெட்டுப்பட்டிருந்தது. இந்த வாத்தின் நீளம் சுமார் 60 செ.மீ.; இறக்கை விரிந்தால் 85 செ.மீ.க்கு மேலேயும் போகும், அதற்கு வெளியே தண்ணீர் வேறு தெறிக்கும். ஆகவே மிதக்கும்போது வாத்து ஃபிரேமின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இருக்கக் கூடாது. மேல்பக்கமும் இடம் விடுங்கள்.

படி 6: கழித்தல்

இருநூறு படம் எடுத்தால் ஐந்து தேறினாலே பெரிது. முதலில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீர் படும்போது பறவை தன் கண்ணை மெல்லிய உள்ளிமையால் மூடிக்கொள்ளும். மற்ற எல்லாம் பிரமாதமாக இருக்கும், கண் மட்டும் புரை விழுந்ததுபோல் வெளுத்திருக்கும். அதையெல்லாம் தயங்காமல் அழித்துவிடுங்கள். பர்ஸ்டில் எடுப்பதே, அடுத்தடுத்த படங்களில் ஒன்றிலாவது கண் தெளிவாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

இறக்கையை உதற வைப்பதற்காகக் கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்த வாத்து உதறாது, பறந்துதான் போகும். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நாம் ஒரு கல்லைக் கீழே போட்டால் போதும்.

உதறி முடித்த வாத்து கரையேறி இறகு கோதும். வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, அந்த எண்ணெயை இறகுகளில் பூசிக்கொள்ளும். நிதானமான வேலை, ஷட்டர் 1/500 போதும். கடைசியில் அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டால் தூங்கப்போகிறது என்று பொருள். அப்போது சட்டென்று எழுந்து நிற்காதீர்கள். வந்த வழியே பின்னால் தவழ்ந்து, கரை மறைத்ததும் எழுந்து கொள்ளுங்கள். கடலை மூட்டையை மறக்க வேண்டாம். நான் ஒருமுறை விட்டுவிட்டு வந்தேன், திரும்பிப் போவதற்குள் ஆடு கிழித்துத் தின்றுவிட்டது.